வெளிநாட்டில் குடும்பத்தோடு காரில் ஒரு பயணம்: ஹேமக்கில் தூக்கம், தூண்டிலில் மீன். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

மரத்திலிருந்து தொடங்குங்கள். ஹேமக் என்பது இரு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை. விமானச் சீட்டு, வாடகைக் கார், சுற்றிப் பார்க்கும் இடங்கள் என்று போட்டுவிட்டு, "எங்கேயாவது ஹேமக் கட்டிக்கொள்ளலாம்" என்று விடுகிறவர்கள்தான் மூன்றாம் நாள் பெட்ரோல் பங்க் ஓரம் காருக்குள் தூங்குகிறார்கள். இந்தப் பயணத்துக்கு மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில் கூடி வரவேண்டும்: ஆள் எடையைத் தாங்கும் மரம், அதில் கட்ட அனுமதி, மீன் பிடிக்க உரிமை உள்ள நீர்நிலை. வரைபடத்தில் முதலில் இந்த இடங்களைக் குறியுங்கள். பிறகுதான் அவற்றைச் சாலையால் இணைக்க வேண்டும்.

மரம் இல்லாத நிலம் நாம் நினைப்பதைவிட அதிகம். கடற்கரை, பாலைவனம், உயர்ந்த மலைச்சரிவு, துந்திரப் பகுதி, ஐஸ்லாந்து போன்ற நாட்டின் பெரும்பகுதி எல்லாம் ஹேமக்குக்கு உதவாது. முகாம் மைதானத்தின் இணையதளத்தில் "மரநிழல்" என்று போட்டிருந்தாலும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் நட்ட கன்றுகளாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் குடும்பம் முழுக்க நெருக்கியடித்தாவது படுக்கக்கூடிய ஒரு கூடாரம் காரில் இருக்கட்டும். மரம் கிடைக்காத இரவுக்கும் இடி மின்னல் வரும் இரவுக்கும் அதுதான் துணை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? எத்தனை முகாம் போடலாம்?

குழந்தைகள் இருந்தால் வண்டி ஓடும் நேரம் 3 முதல் 4 மணி. வரைபடச் செயலி காட்டும் நேரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டால் உண்மையான நேரம் கிடைக்கும். தெரியாத நாட்டில், பழகாத பக்கத்தில் ஓட்டுகிறீர்கள். கடை, கழிப்பறை, சாலைப்பணி எல்லாம் இடையில் வரும்.

ஒவ்வொரு முகாமிலும் குறைந்தது இரண்டு இரவு. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரே இரவு என்றால் மாலை முழுக்கக் கட்டுவதிலும் காலை முழுக்க அவிழ்ப்பதிலும் போய்விடும். மீன் கடிக்கும் நேரமோ விடியலும் அந்தியும்தான். 10 இரவுப் பயணத்தில் முதல் இரவும் கடைசி இரவும் கூரைக்குக் கீழே, நடுவில் துணி துவைத்துக் காயவைக்க இன்னொரு இரவு அறையில், மீதி ஏழில் மூன்று முகாம். இதற்கு மேல் திணித்தால் யாரும் ஓய்வெடுக்க முடியாது.

முகாமுக்குச் சூரியன் மறைய 3 மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். பழகாத கை ஒரு ஹேமக்கையும் அதன் தார்ப்பாயையும் கட்ட 20 நிமிடம் எடுக்கும். நான்கு பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வட ஐரோப்பாவிலும் அலாஸ்காவிலும் கோடையில் இரவு இருட்டவே இருட்டாது. அங்கே கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தைகளைப் படுக்கவையுங்கள், கண்மறைப்புத் துணியும் எடுத்துப்போங்கள்.

ஓட்டுநர் உரிமம், வாடகைக் கார் விஷயத்தில் எங்கே தவறு நடக்கிறது?

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வருவது 1 ஆண்டு செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கைப்படி வருவது 3 ஆண்டு வரை செல்லும். சில நாடுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். ஜப்பான் 1949 வகையைத்தான் ஒப்புக்கொள்ளும். உங்கள் உரிமத்தைக் கொடுத்த நாட்டிலேயே, புறப்படும் முன் வாங்கிவிட வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: எல்லை தாண்ட அனுமதி உண்டா, மண்சாலையில் காப்பீடு செல்லுமா, கண்ணாடியும் டயரும் வண்டியின் அடிப்பாகமும் காப்பீட்டில் அடங்குமா. ஏரிக்குப் போகும் கடைசி 5 கிலோமீட்டர் பெரும்பாலும் சரளைச் சாலைதான்.

குழந்தை இருக்கைக்கான விதி வயதைவிட உயரத்தைப் பார்க்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 135 செ.மீ. அல்லது 150 செ.மீ. உயரம் வரை கட்டாயம். எது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கையெழுத்தோடு எடுத்துச்செல்லுங்கள்.

காட்டில் எங்கே வேண்டுமானாலும் ஹேமக் கட்டலாமா?

கூடாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நார்வேயில் 1957-ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டப்படி, வேலியிட்டுப் பயிர் செய்யாத நிலத்தில் யாரும் தங்கலாம். ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பொதுவாக இரண்டு இரவுக்கு மேல் அதே இடத்தில் தங்க நில உரிமையாளரைக் கேட்க வேண்டும். அங்கே ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை உண்டு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இதே போன்ற உரிமையைத் தருகிறது. ஆனால் லாக் லோமண்ட் ஏரிச் சுற்றுவட்டத்தின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை தனி பர்மிட் வேண்டும். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் கதை தலைகீழ்: பெரும்பாலான இடங்களில் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது.

கட்டணம் கட்டும் முகாம் மைதானத்திலும் கேட்டுத்தான் கட்ட வேண்டும். சில இடங்களில் மரத்தில் எதையும் கட்டவே தடை. சில இடங்களில், ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டை (நாடா) இத்தனை அகலம் இருக்க வேண்டும் என்ற விதி. மின்னஞ்சலில் கேட்கும்போது "ஹேமக் அனுமதி உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். "எங்கள் மனையில் 4 முதல் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு பெரிய மரங்கள் உண்டா, அவற்றில் அகலப் பட்டை போட்டுக் கட்டலாமா" என்று கேளுங்கள். பதிலை அச்செடுத்துக் காரில் வையுங்கள்.

மீன்பிடி உரிமம் எப்படி வாங்குவது? குழந்தைகளுக்கும் வேண்டுமா?

தங்கும் உரிமை இருந்தால் மீன் பிடிக்கும் உரிமையும் இருக்கும் என்று நினைப்பதுதான் இந்தப் பயணத்தில் பலருக்கும் நேரும் பெரிய குழப்பம். இரண்டும் வேறு. ஸ்வீடனில் காட்டில் தங்க எல்லாருக்கும் உரிமை உண்டு. தூண்டில் போட்டு இலவசமாக மீன் பிடிப்பதோ கடலோரத்திலும் வேனர்ன், வேட்டர்ன், மேலாரன், யெல்மாரன், ஸ்டூர்ஷோன் என்ற ஐந்து பெரிய ஏரிகளிலும்தான் முடியும். மற்ற நீர்நிலைக்கு அந்தந்த ஏரிக்கான சீட்டு வாங்க வேண்டும். ஃபின்லாந்தில் ரீல் (நூல் சுற்றும் உருளை) இல்லாத எளிய தூண்டில் பொதுவுரிமை, ஆனால் சால்மன் போன்ற மீன்கள் ஏறிவரும் ஆறுகளின் வேக ஓட்டப் பகுதியில் அது செல்லாது. ஜெர்மனியில் உரிமத்துக்கே பரீட்சை எழுத வேண்டும். சில மாநிலங்கள் மட்டும் சுற்றுலாப் பயணிக்குக் குறுகிய கால உரிமம் தருகின்றன.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு உரிமம். மாநில எல்லை தாண்டினால் பழையது செல்லாது. தேசியப் பூங்காவுக்குள் இன்னும் வேறு விதி இருக்கலாம்: யெல்லோஸ்டோனில் மாநில உரிமம் எடுபடாது, பூங்காவின் சொந்த பர்மிட் வேண்டும், ஈய எடை கூடாது. குழந்தைகளுக்குப் பல மாநிலங்களில் 16 வயது வரை விலக்கு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயதிலிருந்தே உரிமம் வேண்டும். 16 வயது வரை இலவசம்தான், ஆனால் பதிவு செய்து கையில் வைத்திருக்க வேண்டும். "இலவசம்" என்பதும் "தேவையில்லை" என்பதும் ஒன்றல்ல.

ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஐந்து கேள்விக்கு விடை எழுதிவையுங்கள்: எந்த மீனுக்கு எந்த மாதம் தடை, குறைந்தபட்ச நீளம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த இரை கூடாது, எத்தனை தூண்டில் கோல் போடலாம். குழந்தை கையில் கோலும் உங்கள் கையில் கோலும் இருந்தால் அது இரண்டு கோல்.

விமானத்தில் எதை எதில் வைப்பது?

தூண்டில் முள், கத்தி, கூடார முளைகள் எல்லாம் சரக்குப் பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட் மணிக்கு உட்பட்டது போதும். 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட் மணி. எரிவாயு டப்பாவும் கரடி விரட்டும் ஸ்ப்ரேயும் எதிலும் கூடாது. போன இடத்தில் வாங்குங்கள். பயன்படுத்திய அடுப்பில் எரிபொருள் வாடை இருந்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். கழுவி, உலர்த்தி, வாடை போன பிறகே வையுங்கள்.

கோல் நான்கு துண்டாகக் கழலும் வகையாக இருந்தால் 2.1 மீட்டர் கோல்கூட 60 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிப் பெட்டிக்குள் போகும். இரண்டு துண்டுக் கோல் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டும், அதற்குத் தனி பி.வி.சி. குழாய் தேடவேண்டி வரும்.

என்ன அளவு ஹேமக் வாங்குவது? இருவர் ஒன்றில் படுக்கலாமா?

பெரியவருக்கு 3.3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 2.6 மீட்டர் ஹேமக் உட்கார்ந்து படிக்க நல்லது. இரவு முழுக்கப் படுத்தால் வாழைப்பழம் போல முதுகு வளையும், முழங்கால் பின்பக்கமாக அழுந்தி வலிக்கும். நீளமான ஹேமக்கில் நடுக்கோட்டுக்குக் குறுக்கே, தலை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து படுத்தால்தான் உடல் சமமாக நிற்கும். குழந்தைக்கு 2.4 முதல் 2.7 மீட்டர் போதும்.

"இருவருக்கு" என்று அட்டையில் போட்டிருப்பது எடையைப் பற்றிய செய்தி. தூங்க அது உதவாது. இருவரும் நடுவில் உருண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஆளுக்கு ஒன்றுதான். இரு முனையிலும் குறுக்குக்கட்டை வைத்துத் தட்டையாக விரித்த வகை எளிதில் கவிழும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும் எப்படி?

முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்டு நிற்கும் கிளை, பாதி முறிந்து தொங்கும் கிளை, மேலே காளான் முளைத்த தண்டு இருந்தால் அந்த மரம் வேண்டாம், அதற்குப் பக்கத்து மரமும் வேண்டாம். பிறகு தண்டைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாக ஒலித்தால் விடுங்கள். உயிருள்ள மரம், குறைந்தது 20 செ.மீ. குறுக்களவு, தள்ளிப் பார்த்தால் உச்சி ஆடக்கூடாது. செங்கல் தூண், கல்தூண், வேலிக்கம்பம் எதிலும் கட்டாதீர்கள். செங்கல் தூண் பக்கவாட்டு இழுவைக்காகக் கட்டப்பட்டதில்லை. அது சரிந்து ஹேமக்கில் இருந்த குழந்தைகள் இறந்ததுண்டு.

பட்டை குறைந்தது 2.5 செ.மீ. அகலம், முடிந்தால் 5 செ.மீ., பாலியஸ்டர். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். நைலான் பட்டை எடை ஏறினால் நீளும். படுக்கும்போது இடுப்பு உயரத்தில் இருந்தவர் விடியற்காலை தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

இனி கட்டும் முறை. இரு மரங்களுக்கும் நடுவே 4.5 மீட்டர் இருக்கிறது, 3.3 மீட்டர் ஹேமக் என்று வைத்துக்கொள்வோம். பட்டையைத் தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி, நுனியில் உள்ள கண்ணி வழியாக மறுமுனையை இழுத்து இறுக்குங்கள். பட்டை முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் படியட்டும். இரு பக்கமும் முதலில் ஒரே உயரம். பிறகு கால் பக்கம் மட்டும் 15 முதல் 20 செ.மீ. உயர்த்தினால் இரவில் கால்பக்கம் சறுக்காமல் இருக்கும். இப்போது ஹேமக்கை மாட்டிப் பட்டை தரைமட்டத்தோடு 30 டிகிரி கோணத்தில் இறங்குமாறு நீளத்தைச் சரிசெய்யுங்கள். கோணத்தை அளக்கக் கையே போதும்: ஆட்காட்டி விரலைத் தரைக்கு இணையாக நீட்டி, கட்டைவிரலை நேராக மேலே தூக்குங்கள். இரண்டு விரல்நுனியையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் சாய்வுதான் ஏறக்குறைய 30 டிகிரி. உட்கார்ந்தால் நாற்காலி உயரம், அதாவது 45 செ.மீ. இருக்க வேண்டும். மரங்களின் இடைவெளி 5.5 மீட்டர் என்றால் பட்டை 2.1 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதற்கு மேல் விலகிய மரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கோணத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 80 கிலோ ஆள் படுத்தால் 30 டிகிரியில் ஒவ்வொரு பட்டையிலும் 80 கிலோ இழுவை. 15 டிகிரியில் அது 155 கிலோ. 10 டிகிரியில் 230. விறைப்பாக இழுத்துக்கட்டி 5 டிகிரிக்கு வந்தால் 450 கிலோவைத் தாண்டும். தொய்வாக இருந்தால் விழுந்துவிடும் என்று பயந்து இறுக்குகிறவர்கள்தான் தையலைக் கிழித்துக்கொள்கிறார்கள். ஹேமக் புன்னகை போலத் தொங்க வேண்டும். இரு முனைகளுக்கும் நடுவே, ஹேமக் நீளத்தில் 83 சதவீதமுள்ள ஒரு கயிற்றை, அதாவது 3.3 மீட்டருக்கு ஏறக்குறைய 2.75 மீட்டர், நிரந்தரமாகக் கட்டிவிட்டால் எந்த மரத்தில் மாட்டினாலும் ஒரே தொய்வு கிடைக்கும். குழந்தைகள் விளக்கும் கண்ணாடியும் தொங்கவிட அந்தக் கயிறே கொடியும் ஆகும்.

மாட்டிய பிறகு, கையை ஊன்றி மெல்ல எடையை ஏற்றி, 30 விநாடி பொறுத்து, பிறகு உட்காருங்கள். பெரியவர் உட்கார்ந்து பார்க்காத ஹேமக்கில் குழந்தையை ஏற்றக் கூடாது. சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கியை மறந்தும் மாட்டாதீர்கள். தாங்கும் எடை பொறித்த, மலையேறுவோரின் கேரபினர் கொக்கி வேண்டும்.

வெயில்காலம்தானே, ஏன் முதுகு குளிர்கிறது?

தூக்கப்பையின் அடிப்பக்கப் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் கதகதப்பு இல்லை. தரையில் படுத்தால் கீழே பாய் இருக்கும். இங்கே கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பலருக்கு முதுகில் தெரியத் தொடங்கும்.

தீர்வு, ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கும் மெத்தை. அது துணியைத் தொட்டும் தொடாமலும் ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் குளிர்காற்று புகும், இறுக்கினால் பஞ்சு நசுங்கும். படுத்துக்கொண்டு ஒருவரைக் கீழே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பேருக்கும் அடிமெத்தை வாங்கச் செலவாகும் என்றால் 8 முதல் 10 மி.மீ. கெட்டி ஃபோம் பாய் போதும், 60 செ.மீ. அகலத்தில். இரட்டைத் துணி ஹேமக்கில் இரண்டு துணிக்கும் நடுவே செருகினால் வழுக்காது. 50 செ.மீ. பாயில் தோள்கள் வெளியே நீட்டிக் குளிரும்.

மழையில் நனையாமல் தூங்க?

தார்ப்பாயின் நடுக்கோட்டு நீளம், ஹேமக்கின் இரு முனையையும் தாண்டி 20 செ.மீ.யாவது நீள வேண்டும். 3.3 மீட்டர் ஹேமக் தொங்கும்போது முனைகளின் இடைவெளி 2.75 மீட்டர்தான், ஆகவே தார்ப்பாய் 3.3 மீட்டர் போதும். அகலம் 2.7 மீட்டருக்குக் குறையாமல். தார்ப்பாயை முதலில் கட்டுங்கள், கடைசியில் அவிழுங்கள். அதன் கீழ் மற்ற வேலை எல்லாம் நனையாமல் நடக்கும். சிலிகோன் பூசிய நைலான் நனைந்தால் தொய்யும், படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக்கட்ட வேண்டியிருக்கும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது.

தார்ப்பாய் நன்றாக இருந்தும் ஹேமக் நனைகிறதென்றால், தண்ணீர் மரத்தில் வழிந்து பட்டை வழியாக உள்ளே வருகிறது. பட்டையில், தார்ப்பாய்க்கு உட்பட்ட இடத்தில், ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். இடி கேட்டால் எல்லாரும் காருக்குள் போய்விடுங்கள். மரத்தில் கட்டிய படுக்கை மின்னலுக்கு ஏற்ற இடமல்ல.

எந்த வயதில் குழந்தை தனி ஹேமக்கில் படுக்கலாம்?

கைக்குழந்தை ஹேமக்கில் தூங்கக் கூடாது. உடல் வளைந்து தாடை மார்பில் படிந்தால் மூச்சுக்குழல் அடைபடும். சிசுவுக்குச் சமதளமான, கெட்டியான படுக்கை வேண்டும். 5 வயதுக்குட்பட்டவர் பெற்றோரில் ஒருவரோடு கூடாரத்தில். அதற்கு மேல், தானாக ஏறவும் இறங்கவும், கொசுவலை ஜிப்பை உள்ளிருந்து திறக்கவும் தெரிந்தால் தனியாகப் படுக்கலாம். பயணத்துக்கு முன்பே இரண்டு மூன்று இரவு பழக்கிப் பாருங்கள். குழந்தை படுத்த நிலையில் தரைக்கும் ஹேமக்குக்கும் 30 செ.மீ. இருந்தால் போதும். கீழே வேரோ கல்லோ இருக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டாதீர்கள். தளர்ந்து தொங்கும் கயிறு எதையும் குழந்தையின் கழுத்துக்கு எட்டும் இடத்தில் விடாதீர்கள்.

குடும்பத்துக்கு என்ன தூண்டில் சாமான் போதும்?

இரண்டு பேருக்கு ஒரு கோல் என்று வைத்தாலே போதும். குழந்தைகள் மாறி மாறிப் பிடிப்பார்கள். நான்கு நரம்பு, அதாவது தூண்டில் நூல், தண்ணீரில் இருந்தால் அவை சிக்கிக்கொள்வதை அவிழ்ப்பதே வேலையாகிவிடும். 1.8 முதல் 2.1 மீட்டர் இலகு ஸ்பின்னிங் கோல், 2000 அல்லது 2500 எண் ரீல், 0.22 முதல் 0.25 மி.மீ. நைலான் நரம்பு. பின்னல் நரம்பு வலிமையானதுதான். ஆனால் விரலை அறுக்கும், சிக்கினால் குழந்தையால் அவிழ்க்க முடியாது. முதல் பயணத்துக்கு நைலானே நல்லது.

சின்ன மீனுக்கு 8 முதல் 12 எண் முள், ஐந்தாறு தக்கை, மீனை ஈர்க்கும் 5 முதல் 12 கிராம் சுழல் தகடுகள் நான்கு, மூக்கு நீண்ட இடுக்கி, ரப்பர் வலை போட்ட கைவலை, அளவுகோல். எடைக்கு ஈயத்தை விட்டுவிட்டு டங்ஸ்டன் அல்லது வெள்ளீயம் வாங்குங்கள். நீர்ப்பறவை விழுங்கினால் ஈயம் கொல்லும். இங்கிலாந்தில் 28.35 கிராம் வரையான ஈய எடைகளுக்கு, மிக நுண்ணிய குண்டுகள் நீங்கலாக, 1987-லிருந்து தடை.

வீட்டிலேயே எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் (நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. குழந்தையின் விரலில் ஏறினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

முடிச்சு அறுந்து மீன் போனால் நரம்பைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் உலர்ந்த முடிச்சை இறுக்கியதுதான் காரணம்; உராய்வுச் சூட்டில் நைலான் பலம் இழக்கிறது. முள்ளின் கண் வழியாக நுழைத்து, தன்மேலேயே 5 முதல் 7 சுற்று சுற்றி, கண்ணுக்குப் பக்கத்து வளையத்துக்குள் விட்டு, பிறகு பெரிய வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். சுற்றுகள் ஸ்பிரிங் போல வரிசையாகப் படிந்தால் முடிச்சு சரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

முள் கையில் குத்திவிட்டால்?

கண், முகம், கழுத்து, மூட்டு அருகே என்றால் தொடாதீர்கள். முள் அசையாமல் மூடி மருத்துவரிடம் போங்கள். விரல், கை, முதுகு போன்ற இடத்தில் ஒற்றை முள் என்றால் இப்படி எடுக்கலாம். முள்ளில் கட்டிய தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள். 50 செ.மீ. கெட்டித் தூண்டில் நரம்பை முள்ளின் வளைவில் மாட்டி இரு முனையையும் உங்கள் விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். மறுகையால் முள்ளின் கண் பக்கத்தைத் தோலோடு சேர்த்து அழுத்துங்கள். இந்த அழுத்தம்தான் எதிர்முள்ளைச் சதையிலிருந்து விடுவிக்கிறது. அழுத்தியபடியே, முள் நுழைந்த திசைக்கு நேர் எதிராக, தோலுக்கு இணையாக வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுங்கள். தயங்கி மெல்ல இழுத்தால் வலிக்குமே தவிர வராது. முள் பறக்கும், ஆகவே எதிரே யாரும் நிற்கக் கூடாது. கழுவி, கட்டுப்போட்டு, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். மூன்று முனை முள்ளை இந்த முறையில் எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னொரு முனை குத்தும்.

இன்னொன்று, நீரோரத்தில் குழந்தைக்கு எப்போதும் உயிர்காப்பு மேலாடை. நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்பு, கவட்டைக்கு அடியில் பட்டையோடு. 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்தவருக்கு மட்டும்.

பிடித்த மீனை விடுவது எப்படி, சமைப்பது எப்படி?

விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். படம் எடுக்க 10 விநாடிக்கு மேல் வெளியே தூக்க வேண்டாம். நீர் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் நாளில் டிரவுட் பிடிக்கவே போகாதீர்கள். விட்டாலும் பிழைப்பது கடினம்.

வைத்துக்கொள்வதென்றால் உடனே தலையில் ஓங்கி அடித்துக் கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, குடலை எடுத்து, பனிக்கட்டியில் வையுங்கள். வாளியில் துடிக்கவிட்டால் மீனுக்கும் வேதனை, சதையும் கெடும். நன்னீர் மீனில் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடாதீர்கள். உள்சதை 63 டிகிரி தொட வேண்டும். சதை ஒளிபுகா வெள்ளையாகி, முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

முகாமை நீருக்குப் பக்கத்திலேயே போடலாமா?

60 மீட்டர் தள்ளிப் போடுங்கள். கரையோரப் பள்ளத்தில்தான் இரவில் குளிர்காற்று தேங்கும், பனியும் கொசுவும் அங்கேதான் அதிகம். கொஞ்சம் மேடான, காற்று வீசும் இடத்தில் இரண்டும் குறைவு. ஒற்றைத் துணி ஹேமக்கில் கொசு அடியிலிருந்தே குத்தும், மேலே வலை இருந்து பயனில்லை.

ஹேமக் துணிக்கும் உடைக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதானால் வீட்டிலேயே தெளித்து நன்றாக உலரவிடுங்கள். அது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஏரிக்கரையில் தெளிக்கவோ அந்தத் துணியை ஏரியில் அலசவோ கூடாது. டீட் கலந்த பூச்சி மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கை துடைத்துவிட்டுத்தான் நரம்பையும் கண்ணாடியையும் தொட வேண்டும். புல்வெளி நடந்து வந்ததும் குழந்தைகளின் அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம், காதுமடல் பின்னால் உண்ணி தேடுங்கள். கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீ எதுவும் வேண்டாம். ஐரோப்பாவின் சில பகுதிகளில் உண்ணியால் மூளைக்காய்ச்சல் வரும். தடுப்பூசி பல தவணை, மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கரடி உலவும் நாட்டில் சமையலும் மீன் கழுவுவதும் படுக்கையிலிருந்து குறைந்தது 90 மீட்டர் தள்ளி. உணவு, பற்பசை, மீன் நாறும் துணி எதுவும் ஹேமக்கில் இருக்கக் கூடாது. அவற்றைக் காரில் வைப்பதா, இரும்புப் பெட்டியில் வைப்பதா என்பதை அந்தப் பூங்காவின் விதி சொல்லும்.

அடுப்பு, குடிநீர்?

திருகு மூடி, கிளிக் மூடி, துளையிடும் வகை என எரிவாயு டப்பா மூன்று விதம். போகும் நாட்டில் கிடைப்பது உங்கள் அடுப்புக்குப் பொருந்துமா என்று முதலிலேயே பாருங்கள். காலைக் குளிரில் அடுப்பு மங்கினால் டப்பாவில் சாதா பியூட்டேன் இருக்கிறது என்று பொருள். அது 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததை வாங்குங்கள்.

ஆற்று நீரை ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். சாதாரண வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும்.

ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

சாமானைக் கழுவி உலர்த்தாமல் அடுத்த நீரில் இறங்காதீர்கள். நார்வேயில் ஜைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி ஆறு ஆறாகச் சால்மனை அழித்திருக்கிறது. வேறு நீர்நிலையில் பயன்படுத்திய கோல், வலை, காலணி எல்லாம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், அல்லது கிருமிநீக்கம் செய்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் டிடிமோ என்ற பாசி 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது; ஒரு துளி நீரில் பரவிவிடும். ஈரத்தைத் தேக்கும் கம்பளி அடி வைத்த மீன்பிடிக் காலணிக்கு அங்கே தடை. சேறு, செடி, செதில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கழுவி, தொட்டால் உலர்ந்திருக்கும் நிலைக்கு வந்தபின் இன்னும் 48 மணி நேரம் உலரவிடுவதே அங்குள்ள வழிமுறை. நடுவில் ஒரு இரவை அறையில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமான நிலையத்தில் சுங்கப் படிவத்தில் "பயன்படுத்திய முகாம் சாமான், மீன்பிடிச் சாமான்" என்ற கட்டத்தை மறைக்காமல் நிரப்புங்கள். சொன்னால் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அவர்களே கழுவித் தருவார்கள். சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் அங்கேயே அபராதம். கூடார முளைகளின் மண்ணையும் காலணி அடியின் பள்ளங்களையும் புறப்படுவதற்கு முந்தைய நாளே பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.